அன்னம்மாவின் தாய்மாமன்

ஏலே தம்பி,

நீயும் அன்னம்மாவும் போனில் மாறி மாறிக் கேட்டு என்னைத் துளைத்து எடுத்துவிட்டீர்கள். "நாங்க கொடைக்கானலுக்குப் போறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னவுக, திரும்பி வந்து பாத்தா ஒரே தட்டுல திராட்சை தின்னுக்கிட்டு இருக்காக. நடுவுல என்னம்மா நடந்துச்சு?" உன் மாமனார் இவானைக் கேட்டால் உன் அம்மாவிடம் கேள் என்கிறாராம். அன்னம்மாவின் தாய்மாமன் யோவானும் அதே பதில். உன் மாமியார் வெஸ்னா சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுது, மீதியில் சிரித்து, போனை வைத்துவிடுகிறாளாம். கடைசியில் எல்லாரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் போனில் சொன்னால் நீ "சரிம்மா, சுருக்கமாச் சொல்லு" என்பாய். ஜாக்ரெப்பில் ஹோட்டல் சமையலறையில் நின்று நின்று எல்லாவற்றையும் ஆர்டர் மாதிரிக் கேட்கப் பழகிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அன்னம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக அவளுக்கு மாற்றிச் சொல். பெற்றோர் வைத்த அனா என்ற பெயரை நம் ஊர் ஒரே நாளில் அன்னம்மா ஆக்கியதை அவள் எவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள்! அதற்காகவே அவளுக்கு முழுக்கதையும் சொல்ல வேண்டும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் பணிக்காலம் முழுக்கச் சரித்திரம் நடத்தினவள் நான். செர்பியா என்ற பெயரை வருஷத்துக்கு ஒரு தடவை உச்சரித்திருக்கிறேன். ஒரு செர்பிய வாலிபன் ஆஸ்திரிய இளவரசனைச் சுட்டான், முதல் உலகப்போர் மூண்டது, ஐந்து மார்க். குரோஷியா என்ற பெயரைச் சொன்னதே கிடையாது. பாடப்புத்தகத்தில் இல்லாததை நான் எதற்குச் சொல்லப்போகிறேன்? நீ பெண் பார்த்துவிட்டதாகச் சொல்லி, "அப்பா குரோஷியர், அம்மா செர்பியர்" என்றபோது, ஒருத்தர் போடிக்காரர், ஒருத்தர் கம்பத்துக்காரர் என்பது போல எடுத்துக்கொண்டேன். "அங்கயும் நம்மள மாதிரி வேதக்காரவுகதான?" என்று மட்டும் கேட்டேன். அப்பா ரோமன் கத்தோலிக்கம், அம்மா ஆர்த்தடாக்ஸ் என்கிற கிழக்குச் சபை என்றாய். இரண்டு பேருக்கும் சிலுவை உண்டா, உண்டு என்றதும் என் கவலை தீர்ந்தது. அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மார்கழி வரைக்கும் படித்தேன். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள். பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் உள்ள வித்தியாசம்கூடத் தேறாது போலிருக்கிறது. ஒரு கூட்டம் ரோமாபுரியைப் பார்த்து நின்றது, இன்னொன்று கான்ஸ்டாண்டிநோபிளைப் பார்த்து நின்றது. ஒன்று நமக்குத் தெரிந்த ஏ பி சி டி எழுத்தில் எழுதியது, இன்னொன்று ரஷ்யர்கள் மாதிரி எழுதியது. ஒரு பக்கம் ஹங்கேரிக்கும் வியன்னாவுக்கும் கட்டுப்பட்டது, இன்னொரு பக்கம் துருக்கிக்கு. துருக்கிப் படையைத் தடுக்க வியன்னா ராஜா எல்லையில் நிலம் கொடுத்து செர்பியர்களைக் காவலுக்கு அமர்த்தினார். நம் பாளையக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள். வெஸ்னாவின் முன்னோர்கள் அப்படித்தான் குரோஷிய மண்ணுக்கு வந்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் படித்தவர்கள் சிலர் நாமெல்லாம் ஒரே இனம், ஒரே நாடாக இருப்போம் என்று ஆசையாகப் பேசினார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் அப்படியே ஒரு ராஜ்யமும் அமைந்தது. அமைந்த வேகத்தில் யார் பெரியவர் என்ற சண்டையும் வந்துவிட்டது. ராஜா செர்பியர், நாங்கள் என்ன இளைத்தவர்களா என்று குரோஷியர்களுக்கு ஆத்திரம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, தம்பி. ஹிட்லரின் நிழலில் குரோஷியாவில் உட்கார்ந்த ஆட்சி, யூதர்களோடும் நாடோடிகளோடும் சேர்த்து செர்பியர்களையும் முகாம் போட்டுக் கொன்றது. செர்பிய ஆயுதக் கூட்டங்கள் குரோஷியர், முஸ்லிம்கள் ஊர்களுக்குத் தீ வைத்தன. போர் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். அதற்கப்புறம் வந்த ஆட்சி எல்லாரையும் யுகோஸ்லாவியா என்ற ஒரே வீட்டில் வைத்து, பழையதைப் பேசக்கூடாது என்று கதவைச் சாத்தியது. பேசாமல் இருந்தால் மறந்துவிடும் என்று நினைத்தார்கள் போல. ஆனாலும் அந்தக் காலத்தில்தான் இவானும் வெஸ்னாவும் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நீ என்ன ஆள், நான் என்ன ஆள் என்று யாரும் கேட்கவில்லை. வெஸ்னாவின் அண்ணன் யோவான்தான் பந்தியில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தவராம். பிறகு தொண்ணூற்றொன்றில் நாடு உடைந்தது. போர் தொடங்கிய முதல் வருஷத்தில் இவானின் தம்பி கிழக்கே குண்டடிபட்டுச் செத்தார். யோவான் மறுபக்கத்தில் துப்பாக்கி தூக்க வேண்டியதாயிற்று. தொண்ணூற்றைந்தில் குரோஷியப் படை வந்தபோது யோவானின் ஊரே காலியானது. அவர் தன் அம்மாவை டிராக்டரில் உட்கார வைத்துக்கொண்டு, டிராக்டர் வரிசையோடு வரிசையாக செர்பியாவுக்குப் போனார். பின்னாலேயே வீடு எரிந்தது. போன இடத்தில் அந்த அம்மா அதிக நாள் இல்லை.

நீ இதையெல்லாம் எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் கேட்டபோது, "அதெல்லாம் பழசும்மா, விடு" என்றாய். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சனை வந்து கேரளாவுக்குப் போகிற குமுளிப் பாதை மூடிக் கிடந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்க்காரர் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்குக் கேக் கொண்டு வருகிறவர். அந்த வருஷம் அவரும் போன் பண்ணவில்லை, உன் அப்பாவும் பண்ணவில்லை. இருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அவர் கூப்பிடட்டும் என்று இவர், இவர் கூப்பிடட்டும் என்று அவர். இரண்டு மாதத்தில் பாதை திறந்தது, கேக்கும் வந்தது. அந்த இரண்டு மாதத்தை முப்பது வருஷமாக இழுத்து, நடுவில் சாவையும் நெருப்பையும் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் உன் மாமனார் வீடு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

ஆனால் பிடிபடுவதற்கு முன்னாலேயே நான் ஒரு காரியம் செய்து முடித்திருந்தேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசிக்கிற சமயம், பத்திரிகை அடிக்க வேண்டுமே என்று அன்னம்மாவிடம் போனில், உன் தாய்மாமன் யார் என்று கேட்டேன். அவள் இங்கிலீஷில், "இருக்கார், ஆனா வர மாட்டார் ஆன்ட்டி, அப்பாவும் அவரும் பேசிக்க மாட்டாங்க" என்றாள். நீ பின்னாலிருந்து, "ம்மா, அத விடும்மா" என்றாய். எப்படிய்யா விடுவது? "தாய்மாமன் மாலை போட்டுக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வராம பொண்ணு எப்படியா சபைக்கு வரும்? ஊரு என்ன சொல்லும்?" என்று கத்தினேன். அன்னம்மாவிடமே நம்பரை வாங்கி, அவளையே நடுவில் பேச வைத்து, யோவானிடம் நேராகச் சொன்னேன். இந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்கு இணையாக உங்களுக்கு உரிமை இருக்கிறது, நீங்கள் இல்லாமல் எங்கள் ஊரில் மேளம் அடிக்க மாட்டார்கள் என்றேன். அதற்கு அவர் ஏதோ சொன்னார், அன்னம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாற்றிச் சொன்னாள். "எனக்கு இன்னும் எங்கேயாவது உரிமை இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டிக்கெட் எடுக்கிறேன்." இவானிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அதற்குள் உன் சித்தப்பா மகன் பிரிட்டோ ஃபிளெக்ஸ் அடித்துவிட்டான். அவனைக் குறை சொல்லாதே, அடிக்கச் சொன்னவள் நான்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, நம் ஊர் வழக்கப்படி, தாய்மாமன் படம் ஆளுயரத்துக்கு மேலே, பெண்ணின் அப்பா படம் அதில் பாதி. யோவான் படத்துக்குக் கீழே "செர்பியாவின் சிங்கமே, வருக வருக!" அது போதாதென்று பையன் இன்டர்நெட்டில் தேடி, அவர் பெயரை அவர்கள் எழுத்திலேயே ரோட்டை அடைத்துக்கொண்டு அடித்திருந்தான். அந்த எழுத்தில் பெயர்ப்பலகை வைத்தார்கள் என்று குரோஷியாவில் ஒரு ஊரில் சுத்தியல் கொண்டு உடைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கொச்சியிலிருந்து இவானையும் வெஸ்னாவையும் ஏற்றிக்கொண்டு உன் அப்பா கம்பம் ரோட்டில் வந்தாரே, அந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் இவான் காரை நிறுத்தச் சொன்னாராம். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாராம். உன் அப்பா பெருமையாக, "மாப்ளைக்குப் போட்டத விடப் பெரிய ஃபிளெக்ஸ் இதுதான்" என்று தமிழில் சொல்லி முதுகில் தட்டியிருக்கிறார். வெஸ்னா காருக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டாளாம், தன் அண்ணன் வருகிறான் என்ற சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி. இவான் திரும்பி வந்து காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினார்.

அந்த நாட்களை நீயும் பார்த்தாய். ஆனால் மாப்பிள்ளை மிதப்பில் இருந்த உனக்குப் பாதிதான் கண்ணில் பட்டிருக்கும். யோவான் வந்து இறங்கிய அன்று நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். தட்டைப் பார்த்துவிட்டு அவர் தர்மசங்கடமாக நெளிந்தார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, என் கைக்குழம்பை வேண்டாம் என்ற முதல் ஆள் அவர்தான். அப்போது கூடத்தின் மறுகோடியில் இருந்த இவான், சுவரைப் பார்த்துக்கொண்டே வெஸ்னாவிடம் என்னவோ முணுமுணுத்தார். அவள் என்னிடம் வந்து, "இன்னைக்கு எங்க சபைக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கறி, பால், முட்டை எதுவும் தொட மாட்டார், மறந்தே போனேன், இவர்தான் ஞாபகப்படுத்தினார்" என்றாள். அவர்கள் கிறிஸ்துமஸ் நமக்குப் பதிமூன்று நாள் கழித்து வருமாம். தங்கச்சியே மறந்த விரதத்தை, பேச்சு வார்த்தை இல்லாத மச்சினன் மறக்கவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். யோவானுக்கு மொச்சைக்கொட்டை போட்டுக் காரக்குழம்பு வைத்துக் கொடுத்தேன், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். குடில் இன்னும் பிரிக்காமல் இருந்ததால் மறுநாள் அவருக்காக மறுபடியும் நட்சத்திர விளக்கைப் போட்டோம். தெருப்பிள்ளைகளுக்கு இரண்டாம் கிறிஸ்துமஸ், இரண்டாம் கேக்!

கல்யாணத்தில் அவர் செய்த சீரை நம் ஊர் இன்னும் பேசுகிறது. மார்கழி ஆனதால் வேறு கல்யாணம் இல்லை, மண்டபமும் பேண்டு செட்டும் சுலபமாகக் கிடைத்தன. வேட்டி அவிழ்ந்துவிடாமல் பெல்ட் கட்டிக்கொண்டு, தலையில் தாம்பாளத்தோடு பேண்டு வாத்தியத்துக்கு நடந்து வந்தாரே மனுஷன்! தாம்பாளத்தில் கம்பளிப் போர்வை, பூ வேலை செய்த துண்டு, பிளம்ஸ் பழத்தில் அவரே காய்ச்சிய சரக்கு ஒரு பாட்டில். பங்குச் சாமியார் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் எண்ணெய்?" என்று கேட்டார். அன்னம்மாவுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வரும்போது அவர் குழந்தை மாதிரி அழுதார். இவான் நெஞ்சை நிமிர்த்தி நேராக நின்றார், ஆனால் பார்வையை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. போட்டோக்காரர் இருவரையும் சேர்த்து நிறுத்தப் பார்த்தார், ஆளுக்கொரு திசையில் நகர்ந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உத்தமபாளையம் முழுக்கத் தமிழ் பேசுகிறது. அந்தக் கூட்டத்தில் இவான் சொல்வது புரிகிற ஒரே ஆண்பிள்ளை யோவான், யோவான் சொல்வது புரிகிற ஒரே ஆண்பிள்ளை இவான். சாம்பாரில் காரம் அதிகம் என்று சொல்லவாவது ஒருத்தருக்கு இன்னொருத்தர் வேண்டாமா?

நீங்கள் கொடைக்கானலுக்குக் கிளம்பிய மறுநாள் காலையில் உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி வடுகபட்டிச் சித்தப்பா வந்தார். உன் பெரியப்பா செத்தபோது அவர் மஸ்கட்டில் இருந்தார், அடக்கத்துக்கு வர முடியவில்லை. கல்யாணத்துக்கு நேராக வராமல் ஒதுங்கி இருந்துவிட்டு, அன்றைக்கு வந்தார். மொய் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலில் யாரிடமும் வணக்கம் சொல்லாமல் உள்ளே வந்து உன் அப்பா முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். உன் அப்பா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு சித்தப்பா குழாயடியில் முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா கல்யாண வீட்டு பிரியாணி? எனக்கு மட்டும் இல்லையாக்கும்?" என்று வீடே அதிரச் சிரித்தார். இதை இவான் ஒரு மூலையிலிருந்தும் யோவான் இன்னொரு மூலையிலிருந்தும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனுஷன் அழுதது எதற்கு, உடனே சிரித்தது எதற்கு என்று இவான் வெஸ்னாவிடம் கேட்டார், வெஸ்னா என்னிடம் கேட்டாள்.

"இதுக்குப் பேரு துட்டி கேக்குறது" என்று ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் வகுப்பறை இங்கிலீஷ்தான், ஆனால் சத்தம் குறையாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரன் போய்த் துக்கம் கேட்டாக வேண்டும். போக முடியாமல் போனால் எத்தனை வருஷம் கழித்தும் கேட்கலாம். கேட்காமல் அந்த வீட்டு நல்லதில் நின்று சோறு தின்னக்கூடாது, அது முறையில்லை என்று சொன்னேன். வெஸ்னா அதை இரண்டு மூலைக்கும் மாற்றிச் சொன்னாள். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவளா நான்? பள்ளிக்கூடத்தில் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டேன். "சம்பந்தி, உங்க வீட்ல யாரு எறந்தாக? இவுக வந்து கேட்டாகளா? அண்ணே, உங்க வீட்ல யாரு எறந்தாக? இவுக வந்தாகளா?" உன் அப்பா "ஆத்தா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியா" என்று என் முந்தானையை இழுத்தார். வெஸ்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னாள், தம்பி. முப்பது வருஷமாக அவள் கேட்க முடியாத கேள்வியை வேறு யாரோ கேட்டுவிட்டார்கள் அல்லவா!

யோவான்தான் முதலில் வாய் திறந்தார். உங்கள் தம்பி செத்த செய்தி எனக்குத் தெரியும், டெலிபோன் லைன் அறுந்து கிடந்தது, லைன் வந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். இவான், உங்கள் அம்மா செத்தபோது எனக்கும் தெரியும், வெஸ்னா ஹங்கேரி வழியாகச் சுற்றிக்கொண்டு தனியாகப் போனாள், நான் எல்லை தாண்டவில்லை என்றார். இப்படி ஒழுங்காக ஆரம்பித்த பேச்சு எங்கே போயிற்று என்கிறாய்? யோவான் தன் தாத்தாவை முகாமில் கொன்றார்கள் என்றார். இவான் தன் தாத்தாவின் அண்ணனைச் சரணடைந்த பிறகு சுட்டார்கள் என்றார். அவர் ஒரு ஊர் பெயரைச் சொன்னார், இவர் ஒரு ஊர் பெயரைச் சொன்னார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. வெஸ்னா மாற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நான்தான் டேப்லெட்டில் படித்திருக்கிறேனே! ஒவ்வொரு ஊர் பெயரும் எனக்குத் தெரிந்தது. இந்தப் பாதையில் போனால் துருக்கிச் சுல்தான் வரைக்கும் போவார்கள், திரும்பி வர ஆயுசு போதாது என்றும் தெரிந்தது.

மேசையை ஓங்கித் தட்டி, வெஸ்னாவை மறுபடியும் மாற்றிச் சொல்லச் சொன்னேன். "நிறுத்துங்கய்யா! எங்க ஊர்ல கணக்கு வேற" என்றேன். "இந்தம்மாவ நீங்க கட்டுன நாள்லருந்துதான் நீங்க ரெண்டு பேரும் உறவு. உறவான பெறகு விழுந்த சாவுக்குத்தான் துட்டி. அதுக்கு முந்துன சாவெல்லாம் பெருசுதான், இல்லங்கல. அதுக்கு அழுகலாம், படிக்கலாம், பூசை வைக்கலாம். ஆனா அதுக்கு நீங்க ஒருத்தருக்கொருத்தர் பாக்கி இல்ல. உங்களுக்குள்ள ரெண்டே ரெண்டு சாவுதான். எது முந்தியோ அதுக்கு மொதல்ல." யார் செய்தது தப்பு, யார் முதலில் தொடங்கினது என்று நான் கேட்கவே இல்லை, தம்பி. எந்தச் சாவு முந்தியது என்று மட்டும் கேட்டேன். அதற்கு இருவரிடமும் ஒரே பதில் இருந்தது. இவானின் தம்பிதான் முந்தி. உன் அப்பா என் காதோடு, "அப்படி ஒரு மொறை நம்ம ஊர்ல இருக்கா?" என்று கேட்டார். "இதுவரைக்கும் இல்லைன்னா இன்னையிலருந்து இருக்கு" என்றேன்.

யோவான் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். தெருவில் இறங்கி, பால் சொசைட்டி வரைக்கும் நடந்து, அங்கிருந்து திரும்பி வந்தார். துட்டி கேட்கிறவன் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதைச் சித்தப்பாவைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, இவான் முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டினார். இவான் உடனே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பிடித்தார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதை நான் பார்த்தேன். ஒரு பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார், அது அவர் தம்பியின் பெயராம்.

பிறகு இவான் எழுந்து வெளியே போனார். அவர் பால் சொசைட்டியையும் தாண்டிப் போய்விட்டார், உன் அப்பா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்து கையை நீட்டி, யோவானின் அம்மாவுக்குத் துட்டி கேட்டார். கையை விடாமலே இன்னொன்றும் சொன்னார். வெஸ்னா அதை எனக்கு மாற்றிச் சொல்ல முடியாமல் தேம்பியதால் பிறகுதான் தெரிந்துகொண்டேன். யோவானின் அப்பா போருக்கு முன்னாலேயே செத்தவர், எரிந்துபோன அந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறார். செர்பியர்கள் போன பிறகு அங்கே ஆள் கிடையாது, முள் மண்டிவிட்டது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இவான் தன் தம்பிக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், மாமனார் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாராம். அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று வெஸ்னாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். சொன்னால் எதையோ ஈடு கட்டுகிறேன் என்று நினைப்பான் என்றாராம். யோவான் அதைக் கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, இவானைக் கட்டிப்பிடித்து, காதோடு ஏதோ திட்டினார். திட்டுத்தான் என்று வெஸ்னா சத்தியம் செய்தாள். எந்த ஊரிலும் மச்சினனைத்தான் அந்த மாதிரித் திட்ட முடியும்.

இரண்டு பேரும் குழாயடியில் முகம் கழுவினார்கள். வடுகபட்டிச் சித்தப்பா தன் பிரியாணித் தட்டை அப்படியே இருவருக்கும் நடுவில் வைத்தார். அப்போது பேச ஆரம்பித்தவர்கள் அவர்கள் ஊருக்குப் போகும்வரை நிறுத்தவே இல்லை. என்ன பேசினார்கள் என்று நினைக்கிறாய்? பிளம்ஸ் சரக்கை எத்தனை தடவை காய்ச்சுவது, அந்த டிராக்டரை விற்றது மடத்தனமா இல்லையா, கால்பந்து, மூட்டு வலி. உன் அப்பா தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தடவை திராட்சை அறுக்கிறோம் என்று காட்டியபோது இவான் நம்பவில்லை, யோவான் மாலைக்குள் பந்தலில் ஏறி, ஒரு பக்கம் பிஞ்சும் ஒரு பக்கம் பழமும் காட்டி நம்ப வைத்தார். நீங்கள் வந்தபோது பார்த்தது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையிலிருந்து உனக்குச் சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். அந்த ஊரில் யாராவது உன்னிடம் வந்து, நீ யார் பக்கம், யார் செய்தது நியாயம் என்று கேட்டால், போனில் இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. மாசக்கணக்காகப் படித்த நானே சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யார் போனார்கள், பெயர் என்ன என்று கேள், உட்கார்ந்து கேள். வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். நீயும் அன்னம்மாவும் சண்டை போடாமலா இருக்கப்போகிறீர்கள்? போடுங்கள். ஆனால் கல்யாணத்துக்கு முந்தினதை இழுக்காதீர்கள். உன் சாதி, அவள் நாடு, உன் நிறம், அவள் அம்மா வீட்டுக் கதை எதுவும் உங்கள் கணக்கில் சேராது. அன்றைய சண்டை அன்றைக்கு. நீ பேசாமல் முறைத்துக்கொண்டு திரிகிற ஆள், அது உன் அப்பா வழி வந்த புத்தி. அவள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீயே போய்க் கூப்பிடு, ஒரு கௌரவமும் குறைந்துவிடாது.

நேற்று வெஸ்னா போன் பண்ணினாள். இந்த வருஷம் இரண்டு சபைக்கும் உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதாம், எப்போதாவதுதான் அப்படி வருமாம். யோவான் அதற்கு ஜாக்ரெப் வருகிறார். போருக்குப் பிறகு தங்கச்சி வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வாசலில் நிற்கும்போது முதலில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டாள். "ஒண்ணும் சொல்லாத ஆத்தா, சோத்தப் போடு" என்றேன். மறுநாள் எல்லாருமாக அந்த ஊருக்கு, அவர்கள் அப்பா கல்லறைக்குப் போகப்போகிறார்களாம். அவர்கள் வழக்கப்படி சிவப்பு முட்டை கொண்டுபோய் வைப்பார்களாம். இவான் வண்டியை நானே ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அதற்கு நீ விடாதே, தம்பி. ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு நீ ஓட்டு. அன்னம்மா உன் பக்கத்தில் உட்காரட்டும். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரையும் பின்னால் ஏற்று. வெஸ்னா அவர்களுக்கு நடுவில்தான் உட்காருவாள், இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்தாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டு இருக்கட்டும். வழி தெரியாவிட்டால் யாரிடமாவது இறங்கிக் கேட்டுக்கொள், பின்னால் திரும்பிக் கேட்காதே. அவர்கள் பேசிக்கொண்டு வரட்டும்.

உன் அம்மா